திருப்பிப் போடாத பக்கம்

சேது,

இதை வாட்ஸப்பில் அனுப்பினால் ஆபீஸில் லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது பாதி படித்துவிட்டு, கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டு அனுப்பிவிடுவாய். அதனால்தான் காகிதம். புனேவுக்கு மூன்று நாளில் போய்விடும் என்று தபாலாபீஸில் சொன்னார்கள். உட்கார்ந்து படி. உன் பெண்டாட்டியும் படிக்கட்டும். அவளிடம் என்னைப் பற்றி நீயே நிறையச் சொல்லியிருக்கிறாய். என் வாயாலும் கொஞ்சம் கேட்கட்டும்.

கல்யாணமான பிள்ளைக்கு அம்மா எழுதுகிற கடிதம் ஆசீர்வாதத்தில்தான் தொடங்க வேண்டும். மூன்று தரம் அப்படித் தொடங்கிக் கிழித்துப் போட்டேன். எனக்கு உன் மேல் கோபம். கோபம்கூட இல்லை, கோபம் இரண்டு நாளில் ஆறிவிடும். நீ எனக்குத் துரோகம் செய்துவிட்டாய். இந்த வார்த்தை பெரிதாக இருக்கிறதே என்று நினைப்பாய். சின்ன வார்த்தை எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

உன் கல்யாணப் பத்திரிகை கொடுக்க நான் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் மூன்று நாள் போயிருந்தேன். தாம்பூலத் தட்டோடு நேரில் போய் அழைக்காவிட்டால் நம் மனுஷர்கள் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள் என்று உனக்குத் தெரியும். முழங்கால் வலியோடு படியேறி இறங்கி, வெயிலில் காய்ந்து, கரமனையில் ஆட்டோவை விட்டு இறங்குகிறேன். நீ வாசலிலேயே நிற்கிறாய். பையைக்கூட வைக்க விடாமல் மாடிக்கு அழைத்துப் போனாய். என் அறை வெளிர்நீலமாக இருந்தது. புதுக் கட்டில், ஆளுயரக் கண்ணாடி, ஜன்னலுக்குத் திரை. பெயின்ட் வாடை தலையைச் சுற்றியது.

"எப்படி இருக்கும்மா? அவளுக்கு இந்தக் கலர்தான் இஷ்டம்."

"என் ஸ்டீரியோ செட்டெல்லாம் எங்கேடா?"

"அதெல்லாம் நல்ல இடத்துக்குப் போயாச்சு. கல்லாறுல என் ஃப்ரெண்ட் ஒருத்தன் ஹோம்ஸ்டே தொடங்கியிருக்கான். பழைய சாமானாக்கும் அவனோட தீம். பதினாறையும் ஒரே வண்டியிலே ஏத்திண்டு போயிட்டான். அடிபொளியா, ஜோரா வைப்பான், நீ பாரு."

"என்னண்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ சம்மதிக்க மாட்டியேம்மா."

சிரித்துக்கொண்டே சொன்னாய். சம்மதிக்க மாட்டேன் என்று தெரிந்துதான் நான் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்திருக்கிறாய். அப்புறம் பெருமையாக ஹாலுக்குக் கூட்டிக்கொண்டு போய், உன் அப்பா படத்துக்குக் கீழே புதுப் பலகை அடித்து, அவர் ஷார்ஜாவிலிருந்து அனுப்பிய செட்டை அதில் வைத்து, ஒரு முழம் பூவும் சார்த்தியிருந்ததைக் காட்டினாய். "இதை மட்டும் வெச்சிருக்கேன். நான் அத்தனை துஷ்டன் இல்லே" என்றாய். பதினேழு செட்டில் எனக்கு ஆகவே ஆகாத செட் அது ஒன்றுதான். அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கல்யாண வீடு. வாயைத் திறந்தால் ஒப்பாரி ஆகிவிடும் என்று மென்று முழுங்கினேன். ஆனால் கல்யாணத்துக்கு முதல்நாள் நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர்கள் போன பிறகு சமையலறைப் பக்கம் நின்று நீ அந்தப் பெண்ணிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "அம்மாவுக்கு அப்பா போன துக்கம் இன்னும் மாறல்லே. அதான் இந்த ஸ்டீரியோ பைத்தியம். மெல்ல மெல்ல வெளியிலே கொண்டு வரணும்." செட்டைக் கொடுத்ததைவிட இது எனக்கு அதிகமாக வலித்தது. வீட்டுக்குள் காலடி வைக்கப்போகிற பெண்ணுக்கு மாமியாரைப் பைத்தியம் என்று அறிமுகப்படுத்தினாய். அதையும் பரிவோடு சொன்னாய். பரிவோடு சொன்னால் மறுத்துப் பேசவும் முடியாது.

இத்தனை வருஷத்தில் நீ ஒரு தடவையாவது என்னிடம் கேட்டதுண்டா, "ஏம்மா இதையெல்லாம் சேர்க்கிறாய்?" என்று? ஊரில் எல்லாரும் கேட்டார்கள். பால்காரர் கேட்டார். ஆக்ரிக்கடைக்காரன், பழைய இரும்பு வாங்குகிறவன், அவன்கூடக் கேட்டான். நீ கேட்கவில்லை. பதில் தெரியும் என்று நீயே முடிவு கட்டிக்கொண்டாய்.

சேர்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே காரணத்துக்காகச் சேர்ப்பதில்லை. எனக்குச் செட் தேடிக் கொடுக்கும் ஆட்டோக்காரர் பிஜுவைத் தெரியுமல்லவா, நேமத்துக்காரர். அவரிடம் பதினொரு செட் இருக்கிறது. அவர் வீட்டுக்கு அடுத்த வீடு கல்ஃப்காரர் வீடு. அவர்கள் வெள்ளிநிறச் செட்டை ரோட்டைப் பார்த்து ஜன்னலில் வைத்திருப்பார்களாம், பார்க்கலாம், கிட்டே போகக் கூடாது. "அன்னு தொடான் சம்மதிச்சில்ல மாமி. இப்போ ஞான் திவசவும் தொடும்" என்பார். அன்று தொட விடவில்லையாம், இப்போது தினமும் தொடுகிறாராம். பாட்டுக்கூடப் போடுவதில்லை, துடைக்கிற சாக்கில் தொட்டுக்கொண்டே இருப்பார். பூஜப்புரையில் ரிட்டயரான ஒரு எஞ்சினியர் இருக்கிறார். ஒரு செட்டையும் ஓட்ட மாட்டார், போர்வையில் சுற்றி வைத்திருக்கிறார். ஓட்டினால் தேய்ந்துபோகுமாம். அவருக்கு இரண்டு பிள்ளைகளும் வெளிநாட்டில். தொடாமல் வைத்திருந்தால் எதுவும் போகாது என்று அந்த மனுஷன் நம்புகிறார், நம்பிவிட்டுப் போகட்டும். சிலருக்கு அலைந்து தேடுவதில்தான் ருசி, வாங்கி வந்த மறுநாள் அடுத்ததைத் தேடக் கிளம்பிவிடுவார்கள். எனக்கும் இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. மூடியைக் கழற்றி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, இற்றுப்போன பெல்ட்டை மாற்றி, மோட்டார் முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பிக்கும்போது என் கையால் ஒன்று பிழைத்தது என்று சந்தோஷமாக இருக்கும். ஸ்கூல் ஆபீஸில் முப்பது வருஷம் டைப் அடித்ததில் கிடைக்காத சந்தோஷம் அது. ஆனால் என் காரணம் இவையும் இல்லை. நீ சொன்ன துக்கமும் இல்லை. என் காரணத்தைச் சொல்வதானால் நான் உன்னிடம் சொன்ன ஒரு பொய்யையும் சொல்ல வேண்டும்.

உன் அப்பா ஷார்ஜாவில் ஸ்டோர்கீப்பராக இருந்த காலத்தில் நம் வீட்டில் போன் கிடையாது. கடிதம் எழுத அவருக்குச் சோம்பல். கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர் யார் கையிலாவது கொடுத்து அனுப்புவார். அன்று சாயங்காலம் ஹாலில் செட்டை நடுவில் வைத்துக்கொண்டு எல்லாரும் உட்காருவார்கள். தெருவிலிருந்தும் நாலு பேர் வந்துவிடுவார்கள். முதலில் அப்பாவுக்கு நமஸ்காரம், அம்மாவுக்கு நமஸ்காரம், தம்பிக்குப் புத்திமதி, தங்கைக்குக் கேலி. வெயில், சாப்பாடு, ரூமில் யாருக்கு ஜுரம். எல்லாம் முடிந்து கடைசியில், "அவளையும் கொழந்தையையும் விசாரிச்சேன்னு சொல்லுங்கோ." நான் கைக்காரியமாக வாசற்படியில் சாய்ந்து நிற்பேன். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரிக்க வேண்டும்.

கேட்டு முடித்ததும் என் மாமியார் கேசட்டை முதலுக்குச் சுற்றச் சொல்வார். அதன் மேலேயே பதில் பதிவாகும். ஏ பக்கம் மட்டும்தான். அரைமணிக்கு மேல் பேச அவருக்கும் விஷயம் இருந்ததில்லை, நமக்கும் இருந்ததில்லை. பி பக்கத்தைத் திருப்பிப் போடும் பழக்கமே அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. நல்ல கேசட், எதற்கு வீணாக்க வேண்டும் என்று அதே ஒன்று போய்ப் போய் வரும். இப்படி அவர் குரல் வரவர நாங்களே எங்கள் குரலால் அழித்துக்கொண்டிருந்தோம். அப்போது யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. மனுஷன்தான் வரப்போகிறானே, குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கடைசியாக வந்த கேசட்டில், "இந்த வருஷமும் லீவு இல்லே, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார். ஊர் முன்னால் அதைக் கேட்டேன். உனக்கு மூன்று வயது. நீ பிறந்த பிறகு அவர் வந்தது ஒரே ஒரு தடவை. அன்றே வழக்கம்போல மாமியார் ஏ பக்கத்தில் எல்லாரையும் பேசவைத்து முடித்துவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் மத்தியானம் எல்லாரும் கண்ணசந்த நேரம் பார்த்து, செட்டையும் கேசட்டையும் தூக்கிக்கொண்டு மொட்டைமாடி ஓரத்து அறைக்குப் போனேன். நாமும் ஒரு தடவை மனசில் இருப்பதைப் பேசிவிடுவோம், பி பக்கம் காலியாகத்தானே கிடக்கிறது என்று திருப்பிப் போட்டேன். ரெக்கார்ட் பொத்தான் அமுங்கவில்லை.

கேசட்டின் முதுகில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தின் மேல் வேறெதையும் பதிய முடியாது. பி பக்கத்துப் பல் உடைந்திருந்தது. அந்த வீட்டில் அதை உடைக்கிறவர்கள் யாரும் இல்லை. அவர்தான் உடைத்திருக்க வேண்டும். எதையாவது பேசிவிட்டு, இது அழியக் கூடாது என்று உடைத்திருக்க வேண்டும். தெரியாமல் செய்தேன் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன் சேது. எனக்குத் தெரிந்தது. ப்ளே பொத்தானை அமுக்கிக் கேட்க அரை நிமிஷம் ஆகாது. ஆனால் அப்போது என் கண்ணை ஆத்திரம் மறைத்திருந்தது. என்ன பேசியிருந்தால் என்ன, வரமாட்டேன் என்று சொன்ன வாய்தானே என்று, ஒரு பஸ் டிக்கெட்டை மடித்து அந்த ஓட்டையில் திணித்தேன். பொத்தான் அமுங்கியது. பக்கம் தீர்கிறவரை அரைமணி நேரம் திட்டினேன்.

அடுத்த வாரம் ஷார்ஜா போகிறவர் கையில் அதைக் கொடுத்தனுப்ப வேண்டும். அதற்குள் தந்தி வந்துவிட்டது. வேலை செய்கிற இடத்திலேயே மாரடைப்பு.

உனக்குப் பத்து வயது இருக்கும்போது, "அப்பா குரல் எப்படி இருக்கும்?" என்று கேட்டாய். "எல்லாத்து மேலயும் பாட்டி பதில் பேசி அழிச்சுட்டா" என்றேன். அதில் முக்கால்வாசி நிஜம், மிச்சம் கால்வாசிதான் என் பொய். அந்தக் கால்வாசிக்காக நீ பாட்டியிடம் கடைசிவரை முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் படுக்கையில் கிடந்தபோது பரீட்சை என்று சாக்குச் சொல்லி நீ வராமல் இருந்தாய். எனக்குக் காரணம் தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. நான் உன்னைத் துரோகி என்று எழுதுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று இந்த இடத்தில் நீ கேட்கலாம். கேள். நியாயமான கேள்விதான். ஆனாலும் நீ செய்ததும் துரோகம்தான், ஒன்றுக்கு ஒன்று கழிந்துபோகாது.

நீ காலேஜுக்குப் போன வருஷம் ஷார்ஜா செட் நின்றுபோனது. சாலைக் கடைத்தெருவில் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் உள்ளே காட்டி ஒரு சமாசாரம் சொன்னார். கேசட் நாடா ஒரு ஹெட்டின் மேல் உரசிக்கொண்டுதான் ஓடும். பதிவது அதுதான், படிப்பதும் அதுதான். அதற்கு முன்னால் இன்னொன்று, பழையதை அழிப்பதற்கென்றே இருக்கும். இவை எந்த இரண்டு செட்டிலும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை, மயிரிழையாவது ஏறி இறங்கியிருக்கும். ஒரு செட்டில் பதிந்ததை இன்னொரு செட்டில் அழித்தால், நாடாவின் ஓரத்தில் சில சமயம் பழையது ஒரு நூல் அளவு தப்பித்துக் கிடக்கும். "அழிச்ச செட்டுல அது கேக்காது. எந்தச் செட்டோட ஹெட் சரியா அந்த ஓரத்துல இடிக்குதோ, அதுலதான் கேக்கும்" என்றார். ஏதோ பேச்சுவாக்கில் சொன்னார். நான் வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று எனக்கு நினைவில்லை.

இப்போது புரிகிறதா? உன் அப்பா பதிந்தது அங்கே இருந்த செட்டில். நான் அழித்தது நீ பூச்சார்த்தி வைத்திருக்கிறாயே, அந்தச் செட்டில். அதனால் வேறு செட் வேண்டும். வேறு வேறு செட். நான் சேர்த்தது ஸ்டீரியோவை இல்லை. ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, சரிசெய்து, அதே கேசட்டைப் போட்டு, காதை ஒட்டவைத்து உட்கார்ந்தேன். பதினைந்து செட்டில் என் திட்டு மட்டும்தான் கேட்டது. தன் குரலையே இத்தனை தடவை கேட்டால் தன்னையே பிடிக்காமல் போய்விடும். உனக்குச் சொல்ல வெட்கம், அதனால் கதவைச் சாத்திக்கொண்டேன். நீ பைத்தியம் என்று நினைத்ததில் உன் தப்பு பாதிதான்.

உன் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் பிஜு ஒரு சிவப்புச் செட் கொண்டுவந்தார். பேட்டையில் ஒரு வீட்டை இடித்தபோது கிடைத்தது. போட்டேன். நடுவில் ஒரு இடத்தில் நான் பேச முடியாமல் நிறுத்தியிருப்பேன், அழுதுகொண்டிருந்தேன். அந்த இடைவெளியில் ஒரு ஆண்குரல் கேட்டது. ரொம்ப தூரத்திலிருந்து வருகிற மாதிரி, ஒரே ஒரு வரி. சுற்றிச் சுற்றி நாற்பது தடவை போட்டிருப்பேன். யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் உன்னையும் அவளையும் உட்காரவைத்து, உண்மையைச் சொல்லி, கேட்கவைக்க வேண்டும் என்று கேசட்டை அந்தச் செட்டுக்குள்ளேயே விட்டுவிட்டுத்தான் பத்திரிகை கொடுக்கப் போனேன். உனக்கு நான் தருவதற்கு அதைவிடப் பெரியது எதுவும் என்னிடம் இருக்கவில்லை. அதைத்தான் நீ பெயின்ட் அடிக்க இடம் வேண்டும் என்று வண்டியில் ஏற்றி அனுப்பினாய்.

நீங்கள் புனேவுக்குக் கிளம்பிய மறுநாள் நான் பஸ் பிடித்துக் கல்லாறு போனேன். உன் சிநேகிதன் ஊரில் இல்லை, ரிசப்ஷனில் ஒரு பெண் இருந்தாள். "போட்டோ எடுக்கணோ ஆன்ட்டி?" என்று கேட்டாள். என் செட்டெல்லாம் வரிசையாக அலமாரியில் இருந்தன. ஒவ்வொன்றின் வயிற்றிலும் மஞ்சள் பல்பு. மோட்டார் இல்லை, ஹெட் இல்லை, கூடு மட்டும். சிவப்புச் செட்டின் கேசட் கதவைப் பிடுங்கிவிட்டு அதில் மணிபிளான்ட் வைத்திருந்தார்கள். பக்கத்துச் சுவர் முழுக்கக் கேசட்டுகளைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். நான் சுவரோடு சுவராக நின்று ஒவ்வொன்றின் முதுகாகத் தடவிக்கொண்டே போனேன். என்னைப் பார்த்து அந்தப் பெண் பயந்துபோய் வேலையாளைக் கூப்பிட்டாள்.

வந்தவர் தமிழர். "எந்தூரும்மா? நான் போனக்காடு, எஸ்டேட்டு" என்றார். பெயர் செல்லத்துரை. உள்ளே இருந்ததையெல்லாம் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "உருவிப் போடச் சொன்னாங்கம்மா, பல்பு வெக்கணும்ல. சாக்குல கட்டி ஆக்ரிக்காரங்கிட்டக் குடுத்தாச்சு. சொன்னதத்தான் செஞ்சேன்" என்றார். அதற்குள் என் விரலில் பஸ் டிக்கெட்டின் மூலை தட்டுப்பட்டது. செல்லத்துரை ஒரு பட்டைக் கத்தியைக் கொண்டுவந்து, சுவர்ச் சுண்ணாம்பு பெயர, அதை மெதுவாகக் கிளப்பிக் கொடுத்தார். கேசட்டின் ஓடு விரிசல் விட்டுவிட்டது. நாடாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இதுல அப்படி என்னம்மா இருக்கு?"

"என் வீட்டுக்காரரைத் திட்டினது இருக்கு."

"அதுக்கா இத்தன தூரம் வந்தீங்க!" என்று அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பஸ்ஸில்தான் அழுதேன்.

பிஜு நாடாவை வேறு ஓட்டுக்கு மாற்றிக் கொடுத்தார். அவருடைய பதினொரு செட்டிலும் போட்டுப் பார்த்தாயிற்று. என் திட்டுதான் கேட்கிறது. அந்தச் சிவப்புச் செட்டின் ஹெட் இப்போது எந்தக் குப்பையில் உருகிக்கொண்டிருக்கிறதோ. அந்த ஒரு வரிக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன, எனக்காக அரைமணி நேரம் பேசினாரா, ஐந்து நிமிஷமா, எதுவும் இனித் தெரியப்போவதில்லை.

புதுமாப்பிள்ளைக்குப் புத்திமதி சொல்ல வேண்டுமாம். சரி, சொல்கிறேன். உன் பெண்டாட்டி ஒரு டப்பியில் ஹேர்பின்னைச் சேர்த்தாலும் ஏன் என்று அவளிடம் கேள். பதில் சொல்லும்வரை பொறு. சொல்லாவிட்டால் அதை இருந்த இடத்தில் விடு. அவளை அடுத்தவர்களிடம் விளக்கிச் சொல்லாதே, புகழ்ச்சியாக இருந்தாலும் வேண்டாம். கோபத்தில் இருக்கும்போது எதிராளி பேசியதை முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் பேசு. கடைசியாகச் சொன்னதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுதி இதை முடிக்க மாட்டேன். மன்னிக்கவில்லை. நீயும் என்னை அவசரப்பட்டு மன்னிக்க வேண்டாம். முதலில் பாட்டியின் திவசத்துக்கு வந்து சேர், மற்றதை நேரில் சண்டை போட்டுக்கொள்வோம். அந்த வரியை மட்டும் எழுதிவிடுகிறேன், அது உன்னைப் பற்றியது. எனக்கும் வயதாகிறது, நாளைக்கு என் ஞாபகமும் போய்விட்டால் அப்புறம் யாரிடமும் அது இருக்காது.

"கொழந்தை தூங்கிட்டானா?" என்று கேட்கிறார். ஹாலில் பேசுகிற உரத்த குரல் இல்லை. நீ தூங்கின பிறகு நான் தனியாகத்தான் இதைக் கேட்பேன் என்று நினைத்து, அடங்கின குரலில், பதிலுக்குக் கொஞ்சம் நிறுத்துகிறார். அதற்குமேல் கேட்கவிடாமல் என் குரல் வந்துவிடுகிறது. "எனக்கு ஒண்ணும் கேக்க வேண்டாம்" என்று கத்துகிறேன்.

அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் ரொம்பச் சின்னது. அன்று மத்தியானம் அந்த மாடியறையில், நான் அவ்வளவு சத்தம் போட்டும், என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நீ தூங்கிக்கொண்டுதான் இருந்தாய்.

அம்மா